பொம்மைக்கு அடியில் ஏன் துளை?

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1744-இல் தொடங்கிய பீங்கான் ஆலை ஒன்று இன்றும் இருக்கிறது. 1907-இல் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸ் அந்த ஆலையிடம் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார். தம் நாட்டின் பல இன மக்களையும் அவரவர் பாரம்பரிய உடையில் பொம்மைகளாகச் செய்யச் சொன்னார். பாவெல் காமென்ஸ்கி என்ற சிற்பி யாகூத்தியர், தாத்தாரியர், கிர்கிஸியர் என்று ஒவ்வொருவராக வடித்தார். தொப்பியின் ஓரத்து வேலைப்பாடுகூடத் தப்பவில்லை!

இப்படிப்பட்ட பீங்கான் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தால் பெரும்பாலும் அடியில் ஒரு துளை தெரியும். ஏன் என்று கேட்கிறீர்களா? சபாஷ், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி!

பொம்மையின் உள்ளே வெறும் காற்றுதான். வெண்களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற மூன்று கனிமப் பொருள்களையும் அரைத்து, நீரில் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சும். அதன் சுவரில் களிமண் ஏடாகப் படியும். ஏடு தடித்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துவிடுவார்கள். நடுவில் என்ன மிஞ்சும்? காலி இடம். சரிதானே?

சூளையில் அந்தக் காற்று சூடேறி விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் பொம்மை வெடித்துவிடலாம். அந்த வழிதான் துளை.

இன்னொரு வேடிக்கை. சூளைக்குள் போன பொம்மை சற்றுச் சிறியதாகித்தான் வெளியே வரும். மாங்காய்த் துண்டு வெயிலில் வற்றுகிறதே, அப்படியா? பாதிதான் சரி. ஈரம் போவதால் கொஞ்சம் சுருங்கும். பிறகு 1300 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகி, துகள்களின் இடுக்கை நிரப்பும். துகள்கள் நெருங்கி வரும். அதனால் சிற்பி முதலிலேயே பெரிதாகச் செய்துவிடுவார்.

எனக்கு அதிகம் பிடித்தவை வேறு பொம்மைகள். பிரான்சிஸ் கார்ட்னர் என்ற ஆங்கிலேய வணிகர் 1766-இல் மாஸ்கோவுக்கு வடக்கே வெர்பில்கியில் ஓர் ஆலை தொடங்கினார். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குடியானவர் பொம்மைகள் பலவற்றில் பளபளப்புப் பூச்சே கிடையாது. ஒளி சிதறிப்போவதால் சட்டை நிஜத் துணிபோலவே தெரியும்!

இப்போது ஒரு கணக்கு. களிமண் இறுக ஒரு முறை மிதமாகச் சுடுவார்கள். பூச்சு பூசி மறுபடி கடும் வெப்பத்தில் சுடுவார்கள். அந்த வெப்பத்தைக் கோபால்ட் நீலம் தாங்கும். பல நிறங்கள் தாங்காது. அவற்றைப் பிறகு தீட்டி, குறைந்த வெப்பத்தில் சுடுவார்கள். அப்படியானால், பளபளக்கும் பொம்மையின் பாவாடையில் அப்படிப்பட்ட ஒரு சிவப்பு ஏற, அது எத்தனை முறை சூளைக்குப் போயிருக்கும்?

குறைந்தது மூன்று முறை!