கொட்டும் மழையில் இடி குறைவு. வெயில் அடித்தால் சாயங்காலம் 'டமார்'! குமரி மாவட்டத்தில் மின்னல் வரும் நேரம்

நாகர்கோவில்-

ஆனி, ஆடி மாதங்களில் குமரி மாவட்டத்தில் ராப்பகலாகச் சாரல் அடிக்கும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குத் தண்ணீர் வரும். ஆனால் இடிச் சத்தம் கேட்பது அபூர்வம்தான்.

மழை விட்டு நாலு நாள் சுள்ளென்று வெயில் அடித்தால் சங்கதியே மாறிவிடும். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். சாயங்காலம் 'டமார் டமார்' என்று இடி முழங்கும். "மழ விட்டாச்சுல்லா, இனி என்ன பயம்?" என்று வயலுக்கும் தோப்புக்கும் கிளம்புகிறவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

ஐஸ் வேண்டும்!

மின்னல் உண்டாக தண்ணீர் மட்டும் போதாது, ஐஸும் வேண்டும். மேகம் கோபுரம் மாதிரி பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் உயர வேண்டும். சுமார் 5 கிலோ மீட்டருக்கு மேலே நீர்த்துளி உறையும். அங்கே ஐஸ் துணுக்கும் குட்டி ஆலங்கட்டியும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது.

தென்மேற்குப் பருவமழை மும்முரமாக இருக்கும்போது வானம் முழுக்க மேகம் மூடிக் கிடக்கும். தரை சூடாகாது. கடல்காற்று மலையில் மோதி, மேகம் அவ்வளவு உயரம் போவதற்குள் கொட்டித் தீர்த்து விடுகிறது. மழைக்குக் குறைவில்லை, மின்னல்தான் குறைவு.

பருவமழைக்கும் லீவு

பருவமழை நான்கு மாதமும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஜூலை, ஆகஸ்டில் சில சமயம் 'லீவு' போட்டு விடும். வட இந்தியாவின் குறுக்கே கிடக்கும் காற்றழுத்தத் தாழ்வு அப்போது இமயமலை அடிவாரத்துக்கு நகரும். மத்திய இந்தியா காயும். 2002 ஜூலையில் இப்படித்தான் நாட்டின் மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே மழை லீவு போடும்போது தமிழ்நாட்டில் மழை கூடும். அது இடியோடு வரும் சாயங்கால மழை!

இருந்தாலும் மின்னலின் முழு ராஜ்யம் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும்தான். பக்கத்துக் கேரளத்திலும் இதே கதை. மதியம் 2 மணிக்கு மேல் ராத்திரி வரை ஆபத்து. ஐப்பசியில் கும்பப்பூ வயலில் ஆள் நிற்கும் நேரம், பள்ளிக்கூடம் விடும் நேரம் எல்லாம் இதற்குள் வருகின்றன. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியலிலேயே வேலையை முடிப்பதால் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

இந்தியாவில் ஆண்டுக்கு 2 ஆயிரம் பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள்

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 விநாடி ஆனால் மின்னல் ஒரு கிலோ மீட்டர் தூரத்தில். 30 விநாடிக்குள் கேட்டால் உடனே கான்கிரீட் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். தென்னை, பனை மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். செல்போன் வைத்திருப்பவர்களுக்கு புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் 'தாமினி' செயலி முன்கூட்டியே எச்சரிக்கை தரும்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் 'ஷாக்' அடிக்கும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். அது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.