இலை மோகம்

பூவுக்காகச் செடி வளர்ப்பவர்கள் உண்டு. காய்க்காகவும் கனிக்காகவும் வளர்ப்பவர்கள் உண்டு. இலைக்காக மட்டும் செடி வளர்ப்பவர்கள் ஒரு தனி ரகம். நம் ஊர்களில் இந்த ரகத்தாரைக் குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டே கண்டுபிடித்து விடலாம். வாசற்படியிலிருந்து கொல்லைக் கிணற்றடி வரையில் தொட்டிகள் அணிவகுத்து நிற்கும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, தாம்பூலப் பையோடுகூட ஈரத் துணியில் சுற்றிய குரோட்டன்ஸ் கிளை ஒன்றும் வீடு வந்து சேரும். "இதே செடிதான் நம் வீட்டில் இருக்கிறதே!" என்பார் வீட்டுக்காரர். "அதிலே மஞ்சள் புள்ளி, இதிலே மஞ்சள் கோடு. கண் தெரியவில்லையா?" என்று வீட்டு அம்மாள் பதில் சொல்வார்.

இந்த மோகம் நமக்கு மட்டுமே உரியதென்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். குளிர் தேசங்களிலே ஹோஸ்டா என்று ஓர் இலைச் செடி இருக்கிறது. அதைச் சேகரிப்பவர்களின் உற்சாகத்துக்கு முன்னால் நம் குரோட்டன்ஸ் பிரியர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அந்தச் செடியின் சரித்திரத்தில் அழகும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது, ஆசை கண்ணை மறைத்த கதையும் இருக்கிறது. அதனாலேயே அதை இங்கே எடுத்துச் சொல்லத் துணிகிறோம்.

சிந்தாமணிச் செடி

ஹோஸ்டாவின் தாயகம் ஜப்பான், கொரியா, சீனா ஆகிய கீழ்த் திசை நாடுகள். மலைச் சரிவுகளிலும், ஓடைக் கரைகளிலும், மர நிழலிலும் தானாக வளர்வது. தாவர சாஸ்திரிகளின் வம்சாவளிப்படி பார்த்தால், நம் தண்ணீர்விட்டான் கிழங்கும், நிலச் சம்பங்கியும், வேலியோரத்து ஆனைக்கற்றாழையும் இதற்குப் பங்காளிகள். பனிக் காலத்தில் இலைகள் எல்லாம் வாடி மடிந்துவிடும். தரைக்கு மேலே செடி இருந்த சுவடே தெரியாது. வசந்தம் பிறந்ததும், சுருட்டைப் போல் இறுகச் சுருண்ட முளைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும். சில வாரங்களில் அவை விரிந்து, தரையிலே குடை பிடித்தாற்போல் இலைக் கொத்தாகிவிடும்.

ஜப்பானியர் இதைக் 'கிபோஷி' என்று அழைக்கிறார்கள். அந்நாட்டுப் பாலங்களின் கைப்பிடித் தூண்களின் உச்சியில் மொக்குப் போன்ற ஒரு கலசம் வைத்திருப்பார்கள். அதற்கும் கிபோஷி என்றே பெயர். அந்தச் சொல்லின் பொருள் 'மணியைப் போன்றது' என்பதாம். எந்த மணி? பௌத்தர்கள் போற்றும் சிந்தாமணிதான்! நினைத்ததை எல்லாம் தரும் அந்த மணியின் நினைவு, நம் நாட்டிலிருந்து பௌத்த தர்மத்தோடு புறப்பட்டு ஜப்பான் வரையில் சென்று, கடைசியில் ஒரு செடியின் பூ மொக்கிலே போய் அமர்ந்திருக்கிறது.

ஜப்பானியர் இதைக் கண்ணால் மட்டும் அனுபவிப்பதில்லை. 'உருய்' என்ற பெயரால் இதன் இளந் தளிரைக் கீரையாகச் சமைத்து உண்கிறார்கள். வடபகுதியிலுள்ள யமகதா மாகாணத்தில் கறிக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அழகையும் ஆகாரத்தையும் ஒரே செடியிலே கண்ட ஜனங்கள் அவர்கள்.

பெயர் மாறிய விதம்

ஜப்பான் அந்நியர்களுக்குக் கதவை அடைத்திருந்த காலம் அது. நாகசாகித் துறைமுகத்தில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தெஜிமா என்ற சிறு தீவிலேதான் டச்சு வர்த்தகர்கள் தங்கலாம். அங்கே 1690-ல் வைத்தியராக வந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானியர், 1712-ல் வெளியிட்ட நூலில் இந்தச் செடியைக் குறித்து எழுதினார். 1823-ல் அதே தீவுக்கு வைத்தியராக வந்தவர் பிலிப் பிரான்ஸ் வான் ஸீபோல்ட். ஜப்பானிய மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்துக்கொண்டே ஏராளமான செடிகளைச் சேகரித்தார். கையில் வைத்திருக்கக் கூடாத தேசப் படங்களை வைத்திருந்ததற்காக 1829-ல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். ஆயினும் அவருடைய முயற்சியால் ஐரோப்பா போய்ச் சேர்ந்த செடிகளில் ஹோஸ்டாக்களும் இருந்தன.

பெயர் எப்படி வந்தது? 1812-ல் டிராட்டினிக் என்ற தாவர சாஸ்திரி, ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் வைத்தியரான நிக்கலாஸ் தாமஸ் ஹோஸ்ட் என்பவரைக் கௌரவிக்க இந்தப் பெயரைச் சூட்டினார். ஹோஸ்ட் தம் நாட்டுப் புல் பூண்டுகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். 1817-ல் வேறொருவர் 'ஃபங்கியா' என்று மற்றொரு ஜெர்மானியரின் பெயரை வைத்தார். இரண்டு பெயருக்கும் நடந்த வழக்கு 1905-ல் வியன்னாவில் கூடிய தாவர சாஸ்திரிகளின் மகாநாட்டில் ஹோஸ்டாவுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. கிபோஷி என்ற பழைய பெயருக்காக வாதாட யாரும் வந்ததாகத் தெரியவில்லை!

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐரோப்பிய சாஸ்திரிகள் 'உண்டுலாட்டா' என்றும் 'டொகுடமா' என்றும் லத்தீன் முறையில் பெயரிட்டு, இயற்கையில் தோன்றிய தனி இனங்கள் என்று ஏட்டில் பதிந்துகொண்ட செடிகள் சில உண்டு. அவை காட்டிலே பிறந்தவை அல்ல, தோட்டத்திலே பிறந்தவை. 1991-ல் ஜார்ஜ் ஷ்மிட் என்பவர் எழுதிய பெரிய நூலில் அவை தோட்ட ரகங்களாக மாற்றி வைக்கப்பட்டன. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஜப்பானியத் தோட்டக்காரர்கள் வரியும் புள்ளியும் கொண்ட இலைகளைத் தேடிப் பொறுக்கி வளர்த்து வந்தார்கள். அப்படிப்பட்ட அபூர்வச் செடிகளுக்கென்றே 1827-ல் 'ஸோமொகு கிஹின் ககாமி' என்ற சித்திர நூல் அங்கே அச்சாகியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காகத் தோட்டத்தில் குனிந்து உழைத்தவர்களின் பெயர் மறைந்தது. கப்பலில் ஏற்றியவரின் பெயர் நின்றது. கீழ்த் திசைச் செல்வங்கள் பலவற்றின் கதையும் இதுதான் அல்லவா?

சேகரிக்கும் ஆசை

அமெரிக்காவிலே இந்த ஆசை எவ்வாறு வளர்ந்தது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லலாம். 1936-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி பிரான்ஸிஸ் வில்லியம்ஸ் என்ற தோட்டக் கலை நிபுணர், கனெக்டிகட்டில் ஒரு நாற்றுப் பண்ணைக்குச் சென்றார். ஒரே மாதிரியான நீலப் பச்சைச் செடிகள் வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்றே ஒன்றின் இலையில் மஞ்சள் கரை இருந்தது. பட்டுப் புடவைக்குச் சரிகைக் கரை போட்டதுபோல் இருந்த அந்தச் செடியை அவர் வாங்கி வந்து வளர்த்தார், நண்பர்களுக்கும் பகிர்ந்தார். பிற்காலத்தில் அது அவர் பெயராலேயே உலகெங்கும் பரவிற்று. ஆயிரம் செடிகளை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள்; கரையைப் பார்த்தவர் ஒருவர்!

1968-ல் அமெரிக்காவில் ஹோஸ்டாச் சங்கம் தோன்றியது. இன்று பெயர் பதிவான ரகங்கள் பல ஆயிரம். சாண் உயரத்தில் எலிக் காது போன்ற இலைகளோடு நிற்பது 'புளூ மவுஸ் இயர்ஸ்'. சீனப் பேரரசி வூவின் பெயரைத் தாங்கிய 'எம்பிரஸ் வூ' நாலடி உயரம் வளர்ந்து, ஒரு சிறு அறையையே அடைத்துக்கொள்ளும். புதிய ரகம் ஒன்றுக்கு ஏலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பவர்களும் உண்டு.

இலையிலே இத்தனை வர்ணம் எப்படி வந்தது? நீல நிறம் உண்மையில் நிறமே அன்று. இலைமேல் படிந்த மெழுகுப் பூச்சு. விரலால் தேய்த்தால் அழிந்து பச்சை தெரியும்; கோடை முற்றினாலும் மெழுகு கரைந்துவிடும். வெள்ளைக் கரையின் ரகசியம் வேறு. செடியின் வளரும் நுனி அடுக்கடுக்கான படலங்களால் ஆனது. ஒரு படலத்தில் பச்சையம் உண்டாகாமல் போனால், அந்தப் படலத்திலிருந்து வரும் பாகம் மட்டும் வெளுத்துவிடும். அதனால் ஓரம் வெளுக்கலாம். அல்லது நடு வெளுக்கலாம். இது நோய் அன்று. செடிக்குள் இயல்பாக நேரும் மாறுதல்.

வளர்ப்பது பெரும்பாலும் எளிது. மர நிழல் வேண்டும். மட்கிய இலை உரம் கலந்த மண் வேண்டும். ஈரம் குறையக் கூடாது. நத்தையார் ஒரு பெரிய சத்துரு. இரவோடு இரவாக வந்து இலையைச் சல்லடையாக்கிவிட்டுப் போவார். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு ரகம் தன் முழு உருவத்தைக் காட்ட நாலைந்து வருஷம் ஆகும். பனிக் காலத்து உறக்கமும் இதற்கு அவசியம். ஆகையால் சென்னையிலோ மதுரையிலோ இதை வளர்க்க முயன்று பணத்தை வீணாக்க வேண்டாமென்று நேயர்களை எச்சரிக்கிறோம்.

விதை போட்டால் பெரும்பாலும் தாயைப் போல் பிள்ளை வராது. ஆகவே கிழங்கு மஞ்சளைப் பிளப்பதுபோல், செடியைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளைக்கண்ணும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி கத்தியால் பிளந்து நடுகிறார்கள். ஒரு துண்டு தமக்கு. ஒரு துண்டு அடுத்த வீட்டாருக்கு. அதனாலேயே இதற்கு 'நட்புச் செடி' என்றும் பெயர் உண்டு.

நட்புக் கத்தி

இந்த நட்புக் கத்தியின் மூலமாகத்தான் விபத்தும் வந்தது. சில தோட்டங்களில் விசித்திரமான இலைகள் தோன்றலாயின. பொன்னிற இலையில், மையொற்றும் தாளில் மை பரவினாற்போல், நரம்பை ஒட்டிப் பச்சை கசிந்திருந்தது. சில இலைகளில் மேடு பள்ளமான திட்டுக்கள். சிலவற்றில் வேறெங்கும் காணாத புள்ளிகள். சேகரிப்போர் பூரித்தார்கள். "புது ரகம்!" என்று 'லியோபர்ட் ஃபிராக்', 'பிரேக் டான்ஸ்', 'லூனஸி' என்றெல்லாம் பெயர் சூட்டினார்கள். விலை கொடுத்து வாங்கினார்கள், பிளந்தார்கள், நண்பர்களுக்குக் கொடுத்தார்கள்.

1996-ல் மினசோட்டா சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு புதிய வைரஸ் கிருமியைக் கண்டு வெளியிட்டார்கள். ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்பது அதன் பெயர். அபூர்வ அழகு என்று கொண்டாடிய அந்த ரகங்கள் எல்லாம் நோயாளிகள் என்பது பிறகு வெளியாயிற்று! பூச்சியோ காற்றோ இதைப் பரப்புவதாகத் தெரியவில்லை. ஒரு செடியின் சாறு பட்ட கத்தியும் கையுமே அடுத்த செடிக்கு எடுத்துச் செல்கின்றன. தொற்றிய செடி மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். மருந்து கிடையாது. தோண்டி எடுத்து அழிப்பது ஒன்றே வழி.

நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெண்டைச் செடியில் நரம்பெல்லாம் மஞ்சளாகி இலை வலைப் பின்னல்போல் தோன்றுவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் ஒரு வைரஸ் நோயே. வெள்ளை ஈ கொண்டு வருவது. ஆனால் வெண்டையை நாம் காய்க்காக வளர்க்கிறோம். காய் குறைந்தால் நோய் என்று உடனே தெரிந்துவிடுகிறது. இலைக்காகவே வளர்ப்பவருக்கு அந்த அளவுகோல் இல்லை. மாறுதல் எதுவாயினும் லாபமாகவே தோன்றுகிறது.

இது முதல் தடவையும் அன்று. 1630-களில் ஹாலந்து தேசத்தார் தீச்சுடர் போன்ற கோடுகள் கொண்ட டூலிப் மலருக்காக வீடு வாசலை விற்கும் விலை பேசினார்கள். 1637-ல் அந்த வியாபாரம் சரிந்தது. அந்தக் கோடுகளும் வைரஸ் செய்த வேலையே என்பதை 1928-ல் டாரதி கேலி என்ற ஆங்கிலப் பெண்மணி ஆராய்ந்து காட்டினார். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு சென்ற பின் வந்த தெளிவு!

இன்று ஹோஸ்டாப் பிரியர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு செடியையும் வெட்டிய பின் கத்தியைச் சுத்தம் செய்கிறார்கள். புதுச் செடியைச் சில காலம் தனியே வைத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் சோதனை செய்கிறார்கள். பத்து வருஷம் வளர்த்த செடியைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அந்த மனத்திடம், ஏலத்தில் விலை கேட்பதைவிட எவ்வளவோ மேலானது.

நேயர்களே! ஆசைப்பட்டுச் சேர்ப்பதில் குற்றமில்லை. ஆனால் சேர்ப்பது செடியையா, வெறும் பெயரையா என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்தவர்கள் தோட்டக்காரனின் உழைப்பை இயற்கையின் படைப்பென்று எழுதினார்கள். புதுமையை மட்டும் பார்த்தவர்கள் நோயை அழகென்று வாங்கினார்கள். இலையை உற்றுப் பார்த்தவர்களுக்கே உண்மை தெரிந்தது.

அடுத்த முறை உறவினர் வீட்டிலிருந்து குரோட்டன்ஸ் கிளை கொண்டு வரும்போது, வெட்டுமுன் கத்தியைக் கழுவிக்கொள்ளுங்கள். தொட்டியில் வைத்த பிறகு, அதைக் கொடுத்தவரின் பெயரையும் ஒரு சீட்டிலே எழுதிச் செருகி வையுங்கள். கிபோஷிக்கு அப்படி ஒரு சீட்டு எழுதி வைக்க யாரும் இல்லாமல் போய்விட்டது.