மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமங்களுக்கு ஹோமியோபதி: சோதித்தவர்கள் கண்டது என்ன?



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, கண்புரை, பிரசவம் என்றே இருக்கும். சில மாதங்களாக வேறொரு வகை மனுவும் வருகிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடம்பு எரிச்சல், இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு ஹோமியோபதி மருந்து சாப்பிடுவதாகவும், மாதாமாதம் ஆகும் செலவில் ஒரு பகுதியைத் தந்து உதவ வேண்டும் என்றும் தாய்மார்கள் சிலர் கேட்கிறார்கள். அதையொட்டி, நம் மஹல்லா பெண்களுக்கு மாதம் ஒருநாள் இலவச ஹோமியோபதி முகாம் நடத்தலாம் என்ற யோசனையும் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் செலவாகப்போவது ஸதகா பணம். கொடுத்தவர்கள் நம்மிடம் கணக்குக் கேட்காமல் இருக்கலாம். கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது. ஆகவே, இந்த மருந்து இந்தச் சிரமத்துக்கு உண்மையில் வேலை செய்கிறதா என்று யாரேனும் முறையாகச் சோதித்திருக்கிறார்களா எனத் தேடிப் படித்தோம். படித்ததை ஒரு பெண் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்தும் கொண்டோம்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறையும்போது, உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. அதனால்தான் அடுப்படியில் நிற்காமலே நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறுகிறது, சில நிமிடங்களில் வியர்த்துக் கொட்டுகிறது, பிறகு குளிர்கிறது. இது கற்பனையும் அல்ல, கோபமும் அல்ல. ஓரிரு மாதத்தில் போய்விடுவதும் அல்ல. அமெரிக்காவில் ஏராளமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, அடிக்கடி அனல் வரும் பெண்களில் பாதிப்பேருக்கு இது ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பதாக 2015இல் தெரிவித்தது. வீட்டு ஆண்கள் இந்த ஒரு வரியையாவது படித்துவிடுவது நல்லது.

இனி மருந்துக்கு வருவோம். ஹோமியோபதி, ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறை. எந்தப் பொருள் ஒரு தொந்தரவை உண்டாக்குமோ, அதையே மிகமிகச் சிறிதாக்கிக் கொடுத்தால் அந்தத் தொந்தரவு தீரும் என்பது அதன் அடிப்படை. மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு அதிகம் எழுதித் தரப்படுபவை லாக்கெசிஸ், செபியா என்னும் இரண்டு. முதலாவது தென் அமெரிக்கக் காட்டுப் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்தும், இரண்டாவது கணவாய் மீனின் மையிலிருந்தும் செய்யப்படுபவை. "பாம்பு விஷம் சாப்பிடலாமா?" என்று ஒரு சகோதரி கவலையோடு கேட்டிருந்தார். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். புட்டியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாம் சொல்லலாம். மூலப்பொருளில் ஒரு பங்கு எடுத்து 99 பங்கு திரவத்தில் கலந்து குலுக்குகிறார்கள். அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி 99 பங்கில் கலக்கிறார்கள். புட்டியில் 30 என்று போட்டிருந்தால் 30 தடவை இப்படிச் செய்தது என்று பொருள். 1 எழுதி 60 சுழியம் போட்டால் எவ்வளவோ அவ்வளவு பங்கில் ஒரு பங்கு. வேதியியல் கணக்கின்படி 12ஆம் தடவையைத் தாண்டியதுமே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சியிருக்கும் வாய்ப்புகூட அரிதாகிவிடுகிறது. பாம்பு விஷம் பற்றிய கவலைக்கு இது ஆறுதலாக இருக்கலாம். மருந்தைப் பற்றிய கேள்வியோ இங்கேதான் தொடங்குகிறது.

"மூலக்கூறு இருக்கிறதோ இல்லையோ, எனக்குக் கேட்டது" என்பார்கள் சாப்பிட்டவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் "சாப்பிட்டேன், குறைந்தது" என்பது வேறு, "சாப்பிட்டதால் குறைந்தது" என்பது வேறு. நாம் மருந்தைத் தேடிப் போவதே தொந்தரவு உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆடிக் காற்றுக்குப் பயந்து கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டவர், ஐப்பசியில் காற்று அடங்கியதற்குத் தாழ்ப்பாள்தான் காரணம் என்று சொன்னால் எப்படி?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வழி நம் மூதாதையருக்குத் தெரியாததல்ல. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ரைய் நகர மருத்துவர் அபூபக்ர் அல்-ராஸி, மூளைக்காய்ச்சல் அறிகுறி கண்டவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுக்கும் சிகிச்சையைச் செய்தும், மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே செய்யாமலும் விட்டு ஒப்பிட்டதாக, அல்-ஹாவி என்னும் பெருநூலில் குறித்திருக்கிறார். அவர் கண்ட முடிவு இன்றைய மருத்துவத்துக்கு ஒத்துவராது. ஆனால் ஒப்பிடுவதற்கு இன்னொரு பிரிவு வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் இன்றைய மருந்துச் சோதனைகளின் முதுகெலும்பு.

ஹோமியோபதியையே இப்படிச் சோதித்ததும் மிகப் பழைய கதை. 1835இல் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில், சமையலுப்பை 30 தடவை நீர்த்துச் செய்த மருந்தைச் சில புட்டிகளிலும், வெறும் பனிநீரைச் சில புட்டிகளிலும் ஊற்றி, கலந்து, எண் மட்டும் ஒட்டி ஊர்மக்களுக்குக் கொடுத்தார்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, குடித்தவருக்கும் தெரியாது. முடிவு சொன்ன 50 பேரில் 42 பேருக்கு எதுவுமே தோன்றவில்லை. ஏதோ தோன்றியது என்ற எட்டுப் பேரில் ஐவர் குடித்தது மருந்து, மூவர் குடித்தது வெறும் நீர். நாம் படித்ததிலேயே மிகவும் ரசித்த செய்தி இது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் ஊர்மக்களே நேர்மையாக நடத்திய சோதனை.

மாதவிடாய் நிற்கும் காலத்து அனலுக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது மற்ற நோய்களைவிட அவசியம். காரணம் இதுதான்: ஹார்மோன் மாத்திரைகளைச் சோதித்த பல ஆய்வுகளை 2004இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் அனல் வரும் எண்ணிக்கை பாதிக்குமேல், சுமார் 58 சதவீதம், குறைந்திருந்தது! அப்படியானால் பத்துப் பெண்களுக்கு எந்த உருண்டையைக் கொடுத்தாலும் பலர் "குறைந்திருக்கிறது" என்றுதான் வந்து சொல்வார்கள். முகாம் நடத்தியிருந்தால் நாமும் அதை வெற்றி என்று இதே இதழில் அச்சிட்டிருப்போம்.

இனி ஹோமியோபதிச் சோதனைகள். இவற்றில் பல மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற பெண்களிடம் நடந்தவை. அவர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் கொடுக்க முடியாது என்பதால் மாற்று வழி தேடினார்கள். அமெரிக்காவில் 83 பெண்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆளுக்கேற்பத் தேர்ந்த ஒற்றை மருந்து, ஒரு பிரிவுக்குக் கூட்டு மருந்து, ஒரு பிரிவுக்குப் போலி உருண்டை என்று ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2005இல் வெளிவந்தது. அனலின் கடுமையில் மூன்று பிரிவுக்கும் நிரூபிக்கத்தக்க வேறுபாடு இல்லை. பொதுவான உடல்நல மதிப்பெண்ணில் ஹோமியோபதிப் பிரிவினர் சற்று முன்னேறியிருந்தார்கள். கூட்டு மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தலைவலி கூடியிருந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் 53 பெண்களிடம் நடந்த சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களும் நலம் கண்டார்கள், போலி உருண்டை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலம் கண்டார்கள்.

ஹோமியோபதிக்குச் சாதகமான முடிவும் ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. பிரான்சில் சுமார் நூறு பெண்களிடம் ஒரு கூட்டு மருந்தை 12 வாரம் கொடுத்தபோது, போலி மாத்திரையைவிட அனலின் மதிப்பெண் ஓரளவு கூடுதலாகக் குறைந்ததாக 2012இல் எழுதினார்கள். அந்த மருந்து நான்கைந்து தடவை மட்டுமே நீர்த்தது. சோதனைக்குச் செலவிட்டது அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம். அதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது; ஆனால் வேறு ஒருவர் செய்தாலும் அதே பலன் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்தார்கள். பிரான்சிலேயே மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருந்த 138 பெண்களிடம் அதே மருந்தைச் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். போலி மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை.

"இந்தியாவில் அரசே ஆராய்ந்து நல்லது என்று சொல்லியிருக்கிறதே?" என்பார்கள். மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழு பல ஊர்களில் இந்த வயதுப் பெண்களுக்கு மருந்து கொடுத்துக் கவனித்து 2011இல் வெளியிட்டது உண்மை. தொந்தரவு குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லை. தாழ்ப்பாள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோமியோபதி நம் நாட்டில் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ முறை, அதன் மருத்துவர்கள் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர்கள். அந்த அங்கீகாரம் தொழில் செய்வதற்கான உரிமையே தவிர, ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு நோய்க்கும் கேட்கும் என்பதற்கான சான்றிதழ் அல்ல.

பின் ஏன் இத்தனை பெண்கள் திருப்தியோடு திரும்புகிறார்கள்? இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை (2011) இதற்கு விடை தருகிறது. ஹோமியோபதி மருத்துவரிடம் நீண்டநேரம் உட்கார்ந்து பேசியவர்கள் நலம் கண்டார்கள். அவர்கள் சாப்பிட்டது மருந்தா போலியா என்பதால் வேறுபாடு வரவில்லை. பேசியதுதான் பலன் தந்தது. நம் ஊரில் ஆங்கில மருத்துவமனைக்குப் போனால் மூன்று நிமிடம். "வயசு அப்படி" என்று ஒரு சொல். ஹோமியோபதி மருத்துவரோ தூக்கம், கனவு, கோபம், தாகம் என்று முக்கால் மணி நேரம் கேட்கிறார். வீட்டில் யாரும் கேட்காததை ஒருவர் கேட்கிறார். அந்தத் தாய்மார்களை நாம் எப்படிக் குறைசொல்வது?

முன்பு சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறோம். மனு கொடுத்தவர்களில் 56 வயதான ஒரு தாயார். மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆனபின் இலேசாக உதிரம் பட்டிருக்கிறது. அவருடைய முதல் கவலை தொழலாமா, கூடாதா என்பது. ஆலிமா ஒருவரிடம் கேட்டார். ஹைளா இஸ்திஹாளாவா என்று அவர் விளக்கம் சொல்லிவிட்டார். மார்க்கக் கேள்வி தீர்ந்ததும் விஷயமே தீர்ந்ததாக நினைத்து, "மாதவிடாய்க் கோளாறு" என்று சொல்லிச் சீனி உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். எட்டு மாதம். பிறகு ஸ்கேன் எடுத்தபோது கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய். இப்போது சிகிச்சையில் இருக்கிறார், துஆ செய்யுங்கள். எட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் கருப்பையை எடுத்ததோடு முடிந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக அவர் மகன் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதார். உருண்டை அவருக்குக் கேடு செய்யவில்லை. அது தின்ற காலம்தான் கேடு செய்தது.

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அது மாதவிடாய் "திரும்பி வந்தது" அல்ல. அப்படி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் அடையாளம் இந்த உதிரம்தான். ஆகவே ஆலிமாவிடம் கேட்ட அதே வாரத்தில் மகப்பேறு மருத்துவரிடமும் போய்விட வேண்டும். நம் மதரஸா ஆலிமாக்களிடம், இந்தக் கேள்வி வந்தால் "டாக்டரைப் பார்த்தாயா உம்மா?" என்று சேர்த்துக் கேட்கும்படி சொல்லியிருக்கிறோம், அவர்களும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள்.

எல்லா வியர்வையும் இந்த வயதின் வியர்வையும் அல்ல. தைராய்டு அதிகம் சுரந்தாலும் உடம்பு எரியும், நெஞ்சு படபடக்கும். இரவு வியர்வையோடு எடை குறைந்து, இருமலும் இருந்தால் காசநோய் சோதனை வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் குப்பென்று வியர்க்கும்.

அனலுக்கு ஹார்மோன் சிகிச்சை, போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டே முக்கால் பங்கு குறைக்கிறது என்பது முன் சொன்ன 2004ஆம் ஆண்டுத் தொகுப்பின் கணக்கு. எல்லாருக்கும் பொருந்தாது. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் கண்டவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. 60 வயதுக்கு உட்பட்ட, வேறு நோய் இல்லாத பெண்ணுக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவர்களின் பொதுக் கருத்து. ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உண்டு. எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நிர்வாகக் குழு எடுத்த முடிவு: முகாம் நடத்துவதில்லை, ஹோமியோபதி மருந்துச் செலவுக்கு நிதி தருவதில்லை. சொந்தச் செலவில் சாப்பிட விரும்புபவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், பிரஷர், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், உதிரம் பட்டால் உருண்டையோடு காத்திருக்காதீர்கள். முகாமுக்கு ஒதுக்க எண்ணிய தொகையில் இந்த வயதுத் தாய்மார்களுக்கு ஸ்கேன், தைராய்டு, இரத்தச்சோகைப் பரிசோதனைகளுக்கான கட்டணம் தரப்படும். மாதத்தின் முதல் வியாழன் அஸருக்குப் பின் பெண் மருத்துவர் ஒருவர் பெண்கள் மதரஸா கட்டடத்தில் அமர்வார். ஒருவருக்கு இருபது நிமிடம் என்று கேட்டிருக்கிறோம், அவரும் சரி என்றிருக்கிறார். பெயர் பதிய அலுவலகத்துக்கு வரத் தயங்குபவர்கள் மதரஸா உஸ்தாதாவிடம் சொன்னால் போதும். குடும்ப அட்டை நகல், பழைய மருந்துச் சீட்டுகள், சாப்பிடும் உருண்டைகள் உட்பட எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரவும்.