காய் இருக்கு, பருப்பு எங்கே?

மல்லாட்டைச் செடி தளதளவென்று நிற்கிறது. இலையெல்லாம் கரும்பச்சை. பிடுங்கிப் பார்த்தால் கொத்துக் கொத்தாய்க் காய்!

ஒரு காயை எடுத்து உடைக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

இதற்குப் பெயர்தான் பொக்கு.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் மணிலா பயிரிடும் குடும்பங்களுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை. விதை வாங்கிய கடனும், களை எடுத்த கூலியும் அந்தக் காயை நம்பித்தான் இருக்கின்றன. மூட்டை சந்தைக்குப் போனால், பருப்பு எவ்வளவு தேறும் என்று பார்த்துத்தான் விலை. வெறும் தோலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

செடி கொழுத்திருக்கும்போது காய் மட்டும் பட்டினி கிடப்பது ஏன்?

மண்ணுக்குள் ஒரு விந்தை

மல்லாட்டை பூப்பது வெளியே, காய்ப்பது மண்ணுக்குள்ளே.

மஞ்சள் பூ வாடியதும், அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்புகிறது. அது கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணைத் துளைத்து இறங்குகிறது. அதன் நுனி பருத்துக் காய் ஆகிறது. வேர்க்கடலை என்று பெயர் இருக்கிறதே தவிர, அது வேரில் காய்ப்பதல்ல!

பருப்பு நிரம்புவதற்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். வேர் அதைத் தண்ணீரோடு உறிஞ்சி மேலே அனுப்புகிறது. வெயில் பட்டு இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கீழே உள்ள தண்ணீர் இலையை நோக்கி இழுபடுகிறது. சத்தும் கூடவே போய்விடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் காயில் வெயில் ஏது? ஆவி ஏது? அதனால் அந்தப் பக்கம் சத்து திரும்புவதே அபூர்வம். இலைக்குப் போன சுண்ணாம்புச் சத்து மறுபடி கீழே இறங்குவதும் இல்லை.

அப்படியானால் காய் என்ன செய்கிறது?

தன்னைச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது! தாய் ஊட்டாத சோற்றைப் பிள்ளை தானே எடுத்துத் தின்கிறது.

அமெரிக்காவில் புளோரிடா ஆராய்ச்சியாளர்கள் கதிரியக்கச் சுண்ணாம்புச் சத்தைக் கொடுத்து, அது போகும் வழியைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். காய் நேரடியாக உறிஞ்சுவது தெரிந்தது. 1949-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள்.

இடம் உண்டு, சோறு இல்லை

மல்லாட்டைக்கு ஏற்றது மணல் கலந்த செம்மண். பொலபொலவென்று இருப்பதால் விழுது சுலபமாக இறங்கும். இறுகிய களிமண்ணில் விழுது இறங்கத் திணறும். பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

ஆனால் மணற்பாங்கான மண்ணில் ஒரு குறை. மழை பெய்யப் பெய்ய, சத்து கரைந்து கீழே போய்விடுகிறது. படுக்க இடம் கொடுத்த வீட்டில் சோறு இல்லாத கதைதான்!

பொக்கைக் கண்டு யூரியாவை அள்ளிப் போட்டால் செடிதான் கொழுக்கும். காய் இருக்கும் மண்ணில் சாம்பல் சத்து மிஞ்சினால் இன்னும் மோசம். அது முந்திக்கொண்டு சுண்ணாம்புச் சத்தைத் தடுத்துவிடும்.

திண்டிவனத்தின் பெயர்

கடலை ரகங்களில் டி.எம்.வி. என்று வருகிறதே, அது திண்டிவனத்தைக் குறிப்பதுதான். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. 1940-ல் வந்த டி.எம்.வி.2, ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. 1967-ல் டி.எம்.வி.7 வந்தது.

ரகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், காயைச் சுற்றிச் சத்து இல்லாவிட்டால் பொக்குதான். பருப்பு பெரிதாக உள்ள ரகத்துக்குப் பசியும் பெரிது.

ஜிப்சம் போடும் நேரம்

இதற்கு மருந்து ஜிப்சம். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி செய்யும் அதே பொருள்! அதில் சுண்ணாம்புச் சத்தோடு கந்தகமும் இருக்கிறது. கந்தகம் எண்ணெய் சேர உதவும்.

இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

போடும் இடம்தான் முக்கியம். ஆழத்தில் வேருக்குப் போட்டுப் பயனில்லை. காய் பிடிக்கும் மேல்மண்ணில், செடியோரமாக விழ வேண்டும். ஈரமும் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் சத்து கரையாது. கரையாததைக் காய் எப்படிக் குடிக்கும்?

மண் அணைத்த பிறகு களைக்கொத்துக்கு ஓய்வு. விழுது இறங்கும் நேரத்தில் மண்ணைக் கிளறினால், காயாக வேண்டியது அறுந்துபோகும்.

விதைக்கு எடுத்து வைக்கும் கடலையில் சிலவற்றைப் பிளந்து பார்க்கலாம். இரண்டு பருப்புக்கும் நடுவே உள்ள முளை கறுத்திருந்தால், அந்தக் காய் சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்கியிருக்கிறது. அடுத்த போகத்துக்கு அது விதையாகாது.