தகவல் துளி: பாட்டன் பெயர் எந்தப் பதிவேட்டில்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) உழைத்த உங்கள் பாட்டன், பூட்டன் பற்றிய விவரங்களைத் தேடுகிறீர்களா? முதலில் மாவட்டத்தின் பெயரைச் சரிபாருங்கள்.

ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2019 வரை வேலூர் மாவட்டம். அதற்கும் முன்னால் வட ஆற்காடு. வாணியம்பாடியோ 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தந்தக் காலத்து மாவட்டத்தின் பெயரில் தேடினால்தான் பழைய ஆவணம் கைக்கு வரும்.

நிலம் இருந்த குடும்பம் என்றால், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்களிலும் பெயர் இருக்கலாம். பழைய பத்திரங்களில் தகப்பனார் பெயரும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும்.

நிலம் இல்லாத தொழிலாளர் குடும்பமா? மனம் தளர வேண்டாம். நகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு), தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். வேலூர் வட்டாரத்தில் ஆற்காடு மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1853-லேயே பணியைத் தொடங்கிவிட்டதால், தேவாலயப் பதிவேடுகள் பழமையானவையாக இருக்கலாம். பழைய அரசு ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

எழுத்தர்கள் பெயரை வெவ்வேறு விதமாக எழுதியிருப்பார்கள். தெருவையும் தகப்பனார் பெயரையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்.