டிக்கியில் எத்தனை மூட்டை? குடும்பத்துக்கு ஏற்ற கார் தேர்வு

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் இரவில், பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வரும் கார்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலான கார்களில் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்திருக்கும். டிக்கியில் ஊர் அரிசி, தேங்காய், வாழைத்தார், கரும்பு. வழியில் பண்ணுருட்டியைத் தொட்டு வந்தவரானால், பருவ காலத்தில் ஒரு பலாப்பழமும் உண்டு. ஷோரூமில் கார் பார்த்தபோது இந்தச் சுமையை நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. நிறம், திரை, சக்கரத்தின் பளபளப்பு எல்லாம் பார்த்திருப்பார்கள். டிக்கியைத் திறந்து, "நல்ல இடம்" என்று சொல்லி மூடியிருப்பார்கள்.

தாம்பரம், முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, மணிமங்கலம், கூடுவாஞ்சேரி வட்டாரங்களில் வீடு ஒரு பக்கமும் நிலம் ஒரு பக்கமுமாக வாழும் குடும்பங்கள் பல. மாட்டுத்தீவனம் ஒரு மூட்டை, யூரியா ஒரு மூட்டை, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனால் தீவனப்புல் கரணை ஒரு கட்டு என்று இவர்களுடைய காருக்கு வாரந்தோறும் வேலை இருக்கும். இத்தகைய குடும்பம் கார் வாங்கும்போது டிக்கியை எப்படி மதிப்பிட வேண்டும் என்பது தெரிந்திருப்பது நலம்.

வண்டலூரில் பிறந்த 'கம்பானியன்'

குடும்பத்தையும் சுமையையும் ஒன்றாக ஏற்றும் கார் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. வண்டலூர்ப் பக்கம் இயங்கிவந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1968-ல் நான்கு கதவு ஹெரால்டு காரை வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு, கூரையைப் பின்புறம் வரை நீட்டிப் பின்னால் ஐந்தாவது கதவு வைத்த 'கம்பானியன்' என்ற எஸ்டேட் வகைக் காரையும் அந்நிறுவனம் தயாரித்தது. அங்கே 1988-ல் கார் உற்பத்தி நின்றது. பின்னாளில் டாட்டா எஸ்டேட், பியாட் வீக்கெண்ட் என எஸ்டேட் வகைக் கார்கள் வேறு சிலவும் வந்தன, எதுவும் நிலைக்கவில்லை. உழவருக்கு மிகவும் ஏற்ற அமைப்பு அதுவே. ஆனால் நம் நாட்டில் கார் வாங்குவோர் அதைப் பெட்டி வண்டி என்று ஒதுக்கிவிட்டனர். இன்று அந்த இடத்தை ஒருவாறு நிரப்புபவை மூன்று வரிசை இருக்கை கொண்ட கார்கள்தாம்.

லிட்டர் கணக்கும் கிலோ கணக்கும்

டிக்கியின் கொள்ளளவை நிறுவனங்கள் லிட்டரில் சொல்கின்றன. 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறு செடான் கார்களில், 2024 இறுதியில் வந்த மாருதி டிசையர் 382 லிட்டர், ஹோண்டா அமேஸ் 416 லிட்டர். ஹூண்டாய் ஆரா 402 லிட்டர், டாட்டா டிகோர் 419 லிட்டர். பெரிய செடான்களில் ஹோண்டா சிட்டி 506, ஸ்கோடா ஸ்லாவியா 521, ஹூண்டாய் வெர்னா 528 லிட்டர். இந்த எண்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். 382 லிட்டர் என்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் 19 அடங்கும் என்று கணக்குப் போடலாம். ஆனால் சக்கர மேடும் மூலை முடுக்கும் போக அதில் பாதியைக்கூட நிறுத்துவது கடினம்.

இதைவிட முக்கியமானது எடை. காரின் வெற்று எடை போக, அது தாங்கக்கூடிய மொத்தச் சுமை சிறு கார்களில் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ வரைதான். இந்தக் கணக்கில் ஆட்களும் அடக்கம். 425 கிலோ தாங்கும் காரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐந்து பேர் அமர்ந்தால் 325 கிலோ போய்விடும். மிஞ்சுவது 100 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டும், அரைக்கிலோ எடையுள்ள உரித்த தேங்காய் நூறும் ஏற்றினால் கணக்குத் தீர்ந்தது. இவை அடைத்துக்கொள்ளும் இடமோ சுமார் 200 லிட்டர். டிக்கியில் பாதி இடம் காலியாக இருக்கும். கார் அதற்குள் முழுப் பாரத்தை எட்டியிருக்கும். காலி இடத்தைக் கண்டு இன்னொரு மூட்டையைத் திணிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கீரைக் கட்டு, வாழை இலை, காலிச் சாக்கு போன்ற பண்டங்களில் கணக்கு நேர் எதிரானது. அவற்றுக்கு எடை பொருட்டல்ல, இடமே வேண்டும். ஆகவே தன் வீட்டுக்கு அடிக்கடி வரும் சுமை கனமானதா, பருமனானதா என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். கனமான சுமை என்றால் பெரிய டிக்கியால் பயன் சிறிதே. தாங்கும் எடையைத்தான் பார்க்க வேண்டும். காரின் கையேட்டில் வெற்று எடையும் மொத்த எடையும் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை கிடைக்கும். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்வதில்லை.

முழுப் பாரம் ஏற்றும் நாளில் பின்சக்கரங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டில் இருக்கும். அதன்படி காற்று நிரப்பாமல் திண்டிவனம் தாண்டி வெயிலில் ஓட்டுவது டயருக்கு ஆபத்து. பின்புறம் தாழும்போது முன்விளக்கின் ஒளி மேலெழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதைத் தாழ்த்தும் சிறு திருகு பல கார்களில் உண்டு, பயன்படுத்துவோர்தாம் இல்லை.

வாய் அகலமா, உயரமா?

செடான் காரின் டிக்கி ஆழமானது. ஆனால் அதன் வாய் குறுகலானது, உயரமும் போதாது. 40 லிட்டர் பால் கேனை அதில் நிமிர்த்தி வைத்து மூட முடியாது. 45 கிலோ யூரியா மூட்டையை இடுப்பளவு தூக்கி, விளிம்பைத் தாண்டி உள்ளே இறக்கியாக வேண்டும். வயதானவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல. மூடியின் வளைந்த கீல்கள் உள்ளே இறங்கி, மேலே வைத்த தக்காளிக் கூடையை நசுக்குவதும் உண்டு. சிறு செடான்கள் பெரும்பாலானவற்றில் பின்னிருக்கை மடங்காது. நீளமான பொருளுக்கு வழியே இல்லை.

ஐந்தாவது கதவுள்ள கார்களில் டிக்கி சிறிதாகத் தோன்றினாலும் கதவு மேல்நோக்கித் திறப்பதால் ஏற்றுவது எளிது. மாருதி வேகன் ஆர் காரின் டிக்கி 341 லிட்டர்தான். பின்னிருக்கையை மடக்கினால் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளே உள்ளே போய்விடும்.

மூன்று வரிசைக் கார்களில் ஓர் எச்சரிக்கை தேவை. ஏழு பேரும் நிறையச் சாமானும் ஒருசேரப் போகலாம் என்று நம்பி வாங்குவோர் பலர். மாருதி எர்டிகாவில் மூன்றாம் வரிசையை நிமிர்த்தி வைத்தால் டிக்கி 209 லிட்டர்தான். மடித்தால் 550 லிட்டர். ரெனால்ட் டிரைபரில் ஏழு பேர் அமரும்போது மிஞ்சுவது 84 லிட்டர். இரண்டு பைகளுடன் அது நிறைந்துவிடும். ஆனால் அதன் கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். நான்கைந்து பேர் உள்ள குடும்பம் ஆண்டு முழுவதும் கழற்றிய நிலையிலேயே ஓட்டி, திருமணம், காதுகுத்து போன்ற நாட்களில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். உழவர் குடும்பத்துக்கு இது மிகவும் உகந்த ஏற்பாடு.

எரிவாயுக் காரா என்பதையும் டிக்கியைத் திறந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒரே பெரிய சிலிண்டர் வைத்த காரில் டிக்கி இல்லை என்றே கொள்ளலாம். 2023-ல் டாட்டா ஆல்ட்ரோஸ் காரில் இரண்டு சிறு சிலிண்டர்களைத் தரைக்கடியில் படுக்கவைக்கும் முறை வந்தது. அதில் 210 லிட்டர் மிஞ்சுகிறது. ஹூண்டாயும் அம்முறையைப் பின்பற்றியிருக்கிறது. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதும் சிறு விஷயமல்ல. டிக்கித் தரைக்கடியில் இருந்தால், நள்ளிரவில் மேல்மருவத்தூர் அருகே பஞ்சரானால் அத்தனை மூட்டையையும் சாலையோரம் இறக்கிய பிறகே அதை எடுக்க முடியும்.

இப்பகுதியினர் தரை இடைவெளியையும் பார்க்காமல் இருக்கலாகாது. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. வெள்ளம் வடிந்த பின்னும் மாதக்கணக்கில் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் தெருக்கள் இங்கே உண்டு. பாரம் ஏற்றினால் இடைவெளி மேலும் குறையும் என்பதால் வெற்றுக் காரில் 170 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

மருந்தும் சோறும் ஒரே கூரையின் கீழ்

ஐந்தாவது கதவுள்ள காரில் டிக்கிக்கும் ஆட்கள் அமரும் இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரே காற்று. பூச்சிமருந்துப் புட்டியைப் பின்னால் வைத்துக் கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தைப் போட்டு வந்தால், கசிவின் ஆவியைக் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள். கம்பளத்தில் ஊறிய மருந்து கழுவினாலும் எளிதில் போகாது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் மருந்து படும்படியாக எடுத்துச் செல்வதைத் தடுக்கின்றன. அதே டிக்கியில் மறுநாள் அரிசி வருகிறது என்பதை மறக்கலாகாது. தடுப்புள்ள செடானில் ஆபத்து குறைவு, இல்லாமல் போகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை இதற்கெனவே வைத்து, குடும்பத்தார் இல்லாத நாளில் மருந்தைக் கொண்டுவருவதே முறை.

பின்னிருக்கைக்கு மேலாகச் சாமானை அடுக்குவதும் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் பத்துக் கிலோ பலாப்பழம் முன்னே இருப்பவரின் தலைக்குத்தான் வரும். கனமானவை தரையில், இருக்கையை ஒட்டி இருக்க வேண்டும்.

வெள்ளைப் பலகையும் காப்பீடும்

தோட்டத்துக் காய்கறியைச் சொந்தக் காரிலேயே சந்தைக்கு ஏற்றிச் சென்றால் வாடகை மிச்சம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. தனியார் காருக்கான காப்பீட்டுப் பத்திரத்தில் 'பயன்பாட்டு வரம்பு' என்றொரு பகுதி உண்டு. வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிகளும் சொந்தப் பயணச் சாமான்களும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதும் அதில் விலக்கப்பட்டுள்ளன. வீட்டுக்குக் கொண்டுவரும் அரிசியும் தேங்காயும் வேறு. நாள்தோறும் இருபது பெட்டிக் கத்தரிக்காய் விற்பனைக்குப் போவது வேறு. அப்படிப் போகும் வழியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. அண்டை வீட்டாரின் மூட்டையைக் கூலி வாங்கிக்கொண்டு ஏற்றுவதற்கு வெள்ளை எண் பலகையில் அனுமதியே கிடையாது.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சி.சி.க்கும் உட்பட்ட பெட்ரோல், எரிவாயுக் கார்களுக்குச் சரக்கு-சேவை வரி 18 சதவீதம். இந்த வரம்பை மீறியவற்றுக்கு 40 சதவீதம். டிரைபரும் டிசையரும் முதல் வகை. எர்டிகாவும் சிட்டியும் இரண்டாம் வகை. மேலதிக நூறு லிட்டர் டிக்கிக்காகப் பெரிய செடானுக்குத் தாவுவோர், விலையோடு வரியும் சேர்ந்து ஏறுவதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வித்தியாசத் தொகையில், ஆண்டுக்கு நாலைந்து முறை நெல்லும் தீவனமும் ஏற்ற 'குட்டி யானை' ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு வாடகைக்கு அமர்த்தலாம். அது சரக்குக்கென்றே பதிவான வண்டி.

முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டிலுள்ள பெரிய டிரங்குப் பெட்டி, ஒரு தீவன மூட்டை, ஒரு காய்கறிப் பெட்டி ஆகியவற்றை ஷோரூமுக்கே எடுத்துச் சென்று, சோதனை ஓட்டக் காரில் ஏற்றிப் பார்க்கலாம். விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மூட்டையைத் தூக்கி வைப்பவர் வீட்டில் அந்த வேலையை வழக்கமாகச் செய்பவராக இருக்க வேண்டும். பிறகு குடும்பத்தார் அனைவரும் ஏறி அமர்ந்து, அருகிலுள்ள வேகத்தடை ஒன்றை மெதுவாகக் கடந்து பார்க்கட்டும். அடிப்பாகம் உரசுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.