திறனாய்வுக் குழுவை நடத்தும் முறை

எழுதியதை அச்சேற்றுமுன் நண்பர் சிலருக்குப் படித்துக் காட்டி, அவர்தம் கருத்தறிந்து திருத்திக்கொள்வது நல்ல வழக்கம். புலவர் அவையில் நூல்கள் அரங்கேறிய மரபை நாம் அறிவோம். எனினும் அரங்கேற்றம் எழுதி முடிந்த நூலுக்குரியது. திறனாய்வுக் குழுவோ முடிவுபெறாத படைப்புக்குரியது. இவ்வேறுபாட்டை மறந்த குழு, உதவி செய்வதற்கு மாறாகத் தீர்ப்பு வழங்கிவிடும்.

இதற்கு இருபதாம் நூற்றாண்டுச் சான்று ஒன்று உண்டு. 1930-களிலும் 1940-களிலும் ஆக்ஸ்போர்டில் 'இங்க்ளிங்ஸ்' எனும் நண்பர் குழு, வியாழன் இரவுகளில் சி. எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் கூடித் தம் கையெழுத்துப் படிகளை வாசித்து வந்தது. அதற்குச் சட்டங்களோ பொறுப்பாளரோ இல்லை. குழு உருவாகுமுன்னரே, ஜே. ஆர். ஆர். டோல்கியனின் நெடும்பாடல் ஒன்றைப் படித்த லூயிஸ், அதனைப் பழஞ்சுவடிபோல் பாவித்து, கற்பனை அறிஞர்களின் பெயரால் குறைகளைச் சுட்டி, மாற்றுப் பாடங்களும் எழுதியளித்தார். டோல்கியன் பல இடங்களைத் திருத்திக்கொண்டார். பின்னர் அவர் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலைக் குழுவில் வாசித்து வந்தபோது ஹியூகோ டைசன் அதனை விரும்பவில்லை. 1947-இல், டைசன் வந்திருக்கும் வேளைகளில் அவர் மறுப்புக்கு இணங்கி வாசிப்பு நிறுத்தப்பட்டது. லூயிஸின் இடைவிடாத ஊக்கம் இன்றேல் நூலை முடித்திருக்க இயலாது என்று டோல்கியன் பிற்காலத்தில் நன்றியோடு கூறினார். அந்நூல் 1954–55-இல் வெளிவந்தது.

இவற்றை உளங்கொண்டு நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் பின்வருமாறு:

1. உறுப்பினர் ஐவர் முதல் எண்மர் வரை போதும். ஓர் அமர்வில் இரு படைப்புகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டா.

2. எழுதியவர் தமக்கு ஐயமுள்ள இடத்தை முதலில் கூறட்டும். பின்னர்ப் பிறர் பேசி முடிக்கும்வரை மறுப்புரைக்காது குறிப்பெடுக்கட்டும். அச்சேறிய நூலின் அருகே நின்று ஆசிரியர் விளக்கம் தர இயலாதன்றோ?

3. படைப்பு தமக்கு உணர்த்தியதைக் கூறிய பின்னரே கேட்டோர் குறைகளைச் சொல்லவேண்டும். 'நன்று', 'நன்றன்று' என்பதால் பயனில்லை. லூயிஸ் செய்ததுபோல், எவ்வரியில் இடறினோம், ஏன் என்பதைக் காட்டுதல் வேண்டும்.

4. குறை எழுத்தைச் சாரட்டும், எழுதியவரைச் சாரலாகாது. ஆசிரியர்களும் மூத்த ஆயர்களும் இறுதியில் பேசுவது நலம். அவர்கள் தொடங்கின் மாணவர் வாய்திறவார்.

5. வாசிப்பைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கருத்துகளை ஏற்பதும் விடுப்பதும் எழுதியவர் பொறுப்பு.

6. அமர்வில் கேட்டதை வெளியே பேசலாகாது.

முதற் கட்டுரை ஏளனத்திற்குள்ளானமையால் பின்னர் எழுதாதே போனோரை நாம் அறிவோம். குறைகூறாத குழுவாலும் எவரும் வளர்ந்ததில்லை. கூட்டம் கலைந்தபின், எழுதியவர் தம் படைப்பின் குறையையும் தெளிவாக அறிந்து, அதனைத் திருத்தும் விருப்போடும் வீடு திரும்புகின்றாரா என்பதைக் கொண்டே குழுவின் பயனை அளத்தல் வேண்டும்.